பி.எம்.பி.-2க்கு அடுத்து எது? காலாட்படை போர் வாகனங்களுக்கு ஒரு மலைக் கணக்கு

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எஸ்.எஸ்.பி. எனும் ராணுவ அதிகாரித் தேர்வின் குழு விவாதத்தில், ‘இந்திய ராணுவத்தின் பி.எம்.பி.-2க்குப் பதிலாக எந்த வண்டி?’ என்று காலாட்படையை ஏற்றிச் செல்லும் கவசப் போர் வண்டியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? பாதிப் பேர் யூடியூப் பார்த்துவிட்டு ஜெர்மனியின் லிங்க்ஸ் என்கிறார்கள். மீதிப் பேர், ஆஸ்திரேலியாவே வாங்கிவிட்டதே என்று கொரியாவின் ரெட்பேக் பக்கம் நிற்கிறார்கள். ‘எதற்காக?’ என்று ஒரு கேள்வி போட்டால் இரண்டு தரப்பும் கவசத்தையும் துப்பாக்கியையும் மட்டும்தான் சொல்கின்றன. நான் படையில் இருந்தவன் இல்லை, விடாமல் படிப்பவன். எனக்குத் தெரிந்தவரை, இந்த வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது எடை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது.

இந்த ஊருக்கும் இந்த வண்டிக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்தான் இன்று மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட்டின், அதாவது கவச வண்டிகளில் போகும் காலாட்படையின், முதல் பட்டாலியன். 1979-ல் அந்த ரெஜிமென்ட் உருவானபோது பழைய காலாட்படைப் பட்டாலியன்கள் பல இப்படி மாற்றப்பட்டன. அதனால் நம் பக்கத்தில் பி.எம்.பி. ஓட்டிய பெரியவர்கள் கிடைப்பார்கள். தேர்வுக்குப் போகுமுன் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள்.

வண்டி என்னவென்று சுருக்கமாக: ஏழெட்டு வீரர்களை உள்ளே ஏற்றி, டேங்குகளோடு சேர்ந்து ஓடி, தேவையான இடத்தில் இறக்கிவிட்டு, அவர்களுக்குத் துணையாகத் தன் துப்பாக்கியால் சுடும். வீரர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும் கவச வண்டி வேறு வகை. இங்கே பேசுவது சங்கிலி ட்ராக்கில் ஓடும் போர் வண்டிகளை மட்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

எடை. ஒரு பெய்லி பாலத்தின் (துண்டு துண்டாக இணைத்துக் கட்டும் இரும்புப் பாலம்) முன்னால் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். மலைப்பகுதிகளில் 18 டன், 24 டன் வகுப்புப் பாலங்கள் இன்னும் இருக்கின்றன. லடாக்கில் புதிதாகக் கட்டுபவை 70 டன் வகுப்பு. பெரிய சாலையில் கனமான வண்டி போய்விடும், கிளைப் பள்ளத்தாக்கில் திரும்பினால் நின்றுவிடும். அடுத்து விமானம். கல்வான் மோதலுக்குப் பிறகு சுமார் 330 பி.எம்.பி.களை விமானத்தில் லடாக்குக்கு ஏற்றியதாகச் செய்திகள் வந்தன. இந்தியாவிடம் இருக்கும் சி-17 விமானம் அதிகபட்சம் 77 டன் தூக்கும். 14 டன் பி.எம்.பி.-2 என்றால், விமானத்தின் உள்தள நீளத்தைக் கணக்கில் எடுத்தாலும் மூன்று போகும். 42 டன் ரெட்பேக் என்றால் ஒன்றே ஒன்று, ஏனென்றால் இரண்டு சேர்ந்தால் 84 டன். 330 வண்டிக்கு எத்தனை நடை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உயரத்தில் இன்ஜின். ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது. அங்கேயே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு சொச்சம்தான். 4200 மீட்டரில் 60 சதவீதம் ஆகிவிடும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத டீசல் இன்ஜின் அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். பி.எம்.பி.-2-ன் 300 குதிரைத்திறன் இன்ஜின் டர்போ இல்லாத வகை. காகிதத்தில் டன்னுக்கு 21 குதிரைத்திறன் என்று படித்துவிட்டு மலைக்கும் அதே எண்ணைச் சொல்லாதீர்கள். இறக்கமும் ஒரு கணக்குதான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கியவர்களுக்கு, எடை கூடினால் பிரேக் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கி எவ்வளவு நிமிரும், எவ்வளவு குனியும். யூடியூப் ஒப்பீடுகளில் இதை அநேகமாக யாரும் தொடுவதில்லை. மலைக்கு இதுதான் உயிர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைக்கு இது கசப்பான பாடம்: பி.எம்.பி.-1-ன் 73 மி.மீ. துப்பாக்கியால் சரிவுகளின் மேலே இருந்தவர்களைச் சரியாகச் சுட முடியவில்லை. பி.எம்.பி.-2-ன் 30 மி.மீ. துப்பாக்கி 74 டிகிரி வரை நிமிரும். பி.எம்.பி.-3 சுமார் 60, ஜெர்மனியின் பூமா 45. குனிவதில் கதை தலைகீழ். பி.எம்.பி.-2 வெறும் 5 டிகிரிதான் குனியும், பூமா 10. முகட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டு கீழே பள்ளத்தாக்கைச் சுட அந்தக் கூடுதல் 5 டிகிரி வேண்டும். தொட்டபெட்டா முகட்டில் நின்று கீழே பார்த்தால் இரண்டு கோணமும் ஏன் தேவை என்று புரிந்துவிடும்.

உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா, சீக்கிரம் இறங்க முடியுமா. தட்டையான அடிப்பகுதி கண்ணிவெடிக்கு ஆகாது. வீரர்களுக்கு நடுவே குண்டுகளை அடுக்கி வைப்பது அதைவிட மோசம். இறங்கும் வழி பின்பக்கம் அகலமாக இருக்க வேண்டும்.

நீந்த வேண்டுமா? இதற்குத் தனியாக வருகிறேன்.

பணம், குண்டு, உதிரி பாகம். வாங்கும் விலை இதில் ஒரு பகுதிதான்.

## எண்கள் ஒரே பார்வையில்

| வண்டி | நாடு | எடை (டன்) | குதிரைத்திறன் | முக்கியத் துப்பாக்கி (மி.மீ.) | உள்ளே ஏறும் வீரர்கள் | நீந்துமா |
|---|---|---|---|---|---|---|
| பி.எம்.பி.-2 | ரஷ்யா / இந்தியா | 14.3 | 300 | 30 | 7 | ஆம் |
| பி.எம்.பி.-3 | ரஷ்யா | 18.7 | 500 | 100 + 30 | 7 | ஆம் |
| பிராட்லி (பிந்தைய வகைகள்) | அமெரிக்கா | 30-க்கு மேல் | 600 | 25 | 6–7 | இல்லை |
| சி.வி.90 | ஸ்வீடன் | 23–37 | 550–1000 | 30, 35 அல்லது 40 | 7–8 | இல்லை |
| பூமா | ஜெர்மனி | 31.5–43 | 1088 | 30 | 6 | இல்லை |
| லிங்க்ஸ் கே.எஃப்.41 | ஜெர்மனி | 50 வரை | 1140 | 30 அல்லது 35 | 8 | இல்லை |
| ரெட்பேக் | தென் கொரியா | 42 | 1000 | 30 | 8 | இல்லை |
| போர்சுக் | போலந்து | 28 | 720 | 30 | 6 | ஆம் |

எடையில் ஒரு தந்திரம் இருக்கிறது. கூடுதல் கவசத்தைக் கழற்றிவிட்ட எடை, மாட்டிய எடை என்று இரண்டு உண்டு. விற்பவர் எதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். பூமாவின் 31.5 டன் என்பது ஏ400எம் விமானத்தில் ஏறுவதற்கான எடை. அந்த எடையில் அது சண்டைக்குப் போகப்போவதில்லை.

## இப்போது இருப்பது: பி.எம்.பி.-2 ‘சாரத்’

இந்தியாவில் செய்யும் பி.எம்.பி.-2-க்கு ‘சாரத்’ என்று பெயர். தெலங்கானாவின் மேடக்கில் 1987 முதல் தயாராகிறது. இன்ஜின் ஆவடியில். இலகு, விலை குறைவு, நீந்தும், துப்பாக்கி வானத்தைப் பார்த்து நிமிரும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2020 ஜூனில் 156 வண்டிகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் கொடுத்த ஆர்டரின் மதிப்பு 1,094 கோடி ரூபாய். ஒரு வண்டி ஏழு கோடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்ன? பக்கவாட்டுக் கவசம் கனரக இயந்திரத் துப்பாக்கிக்கே தாங்காது. பின்பக்கக் கதவுகளுக்குள்ளேயே டீசல் டேங்க். குண்டுகளும் ஆட்களும் ஒரே இடத்தில். உட்காரும் இடம் பற்றி வெலிங்டனில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: “தம்பி, உள்ள ஏறுனா முழங்காலு தாடையில இடிக்கும். நாலு மணி நேரம் போனா, இறங்குறப்ப கால் நம்முதா இல்ல வண்டியுதான்னு தெரியாது.” இறங்கியதும் ஓட வேண்டியவர்கள் இவர்கள்.

## பி.எம்.பி.-3: சுலபமான அடுத்த படி?

காகிதத்தில் மயக்கும் வண்டி. 18.7 டன்னில் 100 மி.மீ. பீரங்கி, அதன் பக்கத்தில் 30 மி.மீ., நீச்சல், 500 குதிரைத்திறன். ஐக்கிய அரபு அமீரகமும் குவைத்தும் வாங்கின, தென் கொரியாவிடமும் கொஞ்சம் இருக்கிறது. சீனா இதன் டரட்டை (துப்பாக்கி பொருத்திய சுழலும் மேற்பகுதி) வைத்துத்தான் தன் போர் வண்டியான இசட்.பி.டி.-04-ஐக் கட்டியது.

ஆனால் இன்ஜின் பின்னால் இருக்கிறது. வீரர்கள் இன்ஜினுக்கு மேலே உள்ள வழியில் ஏறி, குனிந்து, வெளியே வர வேண்டும். குண்டு பாயும் நேரத்தில் முதுகில் பை, கையில் ஆயுதம், இந்த ஏற்றம். 100 மி.மீ. குண்டுகள் வேறு உள்ளேயே. எனக்கு இது ஆட்களை ஏற்றிக்கொண்ட இலகு டேங்காகத்தான் தெரிகிறது. பி.எம்.பி.-2-ல் பழகிய பட்டறைகளும் பயிற்சியும் இருக்கும் நாட்டுக்கு மாறுவது எளிது என்ற ஒரு நன்மையை மறுக்க முடியாது. பிழைக்கும் வாய்ப்பு என்ற அளவுகோலில் இது பெரிய முன்னேற்றம் இல்லை.

## பிராட்லி: வயதானது, நிரூபிக்கப்பட்டது

1981-ல் சேவைக்கு வந்தது. 1991 வளைகுடாப் போரில் ஆப்ராம்ஸ் டேங்குகளைவிட அதிக ஈராக்கியக் கவச வண்டிகளை அழித்ததாக அமெரிக்கத் தரப்பு சொல்கிறது. 2023 முதல் உக்ரைனில் ஓடுகிறது. 2024 ஜனவரியில் அவ்தீவ்கா அருகே ஸ்டெபோவே கிராமத்தில் இரண்டு பிராட்லிகள் ரஷ்யாவின் ஒரு டி-90எம் டேங்கை 25 மி.மீ. துப்பாக்கியால் சரமாரியாக அடித்து, அதன் பார்வைக் கருவிகளைக் கெடுத்துச் செயலிழக்க வைத்த காட்சியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வண்டி அடிபட்டு நின்ற பிறகும் உள்ளிருந்தவர்கள் நடந்து வெளியே வந்த சம்பவங்கள் பல.

தொடக்கத்தில் பிராட்லியும் நீந்தும் வண்டிதான். கவசம் ஏற ஏற நீச்சல் போய்விட்டது. அமெரிக்காவே இதற்கு மாற்றாக எக்ஸ்.எம்.30 என்ற வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்கும் நாடு, சொந்த நாடு கைவிடப்போகும் வண்டியின் உதிரி பாகத்துக்கு இருபது வருடம் கழித்து எங்கே போகும்?

## சி.வி.90: மலை நாடுகள் எடுத்த வண்டி

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதுதான். 1993 முதல் ஓடுகிறது. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து, எஸ்தோனியா, சுவிட்சர்லாந்து என்று வரிசை. அடுத்து ஸ்லோவாக்கியா 152, செக் குடியரசு 246 ஆர்டர் கொடுத்தன. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பனி, சரிவு, குறுகிய சாலை, பாலம், இவற்றோடு தினமும் மல்லுக்கு நிற்கும் படைகள் அவை. நார்வே, டென்மார்க் இரண்டும் இதை ஆப்கானிஸ்தானில் சண்டைக்கே கொண்டுபோயின. ஸ்வீடன் சுமார் 50 வண்டிகளை உக்ரைனுக்குக் கொடுத்தது.

இதன் பலம், வாங்குபவர் விருப்பத்துக்கு வளைந்து கொடுப்பது. துப்பாக்கி 30, 35, 40 என்று எது வேண்டுமானாலும். எடை 23 டன்னில் தொடங்கி 37 வரை ஏறியிருக்கிறது. இன்ஜினும் கூடவே ஏறியது. இலகு வகைகளில் இரண்டை ஒரு சி-17-ல் ஏற்றலாம்.

பலவீனமும் அதே இடத்தில்தான். ஒவ்வொரு நாட்டின் சி.வி.90-உம் வேறு வேறு. டென்மார்க் வண்டியின் டரட் பாகம் ஸ்வீடன் வண்டிக்குப் பொருந்தாது. ‘இத்தனை நாடுகள் வைத்திருக்கின்றன, உதிரி எளிது’ என்ற வாதத்தைப் பாதிதான் நம்பலாம். நீச்சல் கிடையாது.

## பூமா, லிங்க்ஸ், ரெட்பேக்: கனமான மூவர்

மூன்றும் பிழைக்கும் வாய்ப்பில் முதல் வரிசை. சேர்த்தே பார்க்கலாம்.

பூமாவின் டரட்டில் ஆளே இல்லை. வண்டியை இயக்கும் மூன்று பேரும் கவச உடலுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சுடுகிறார்கள். நுட்பத்தில் மிரட்டல்தான். ஆனால் 2022 டிசம்பரில் ஒரு பயிற்சியில் ஓடிய 18 பூமாக்களும் நின்றுபோயின. பிறகு பார்த்ததில் பல சின்னக் கோளாறுகள்தான் என்று தெரிந்தது, அரசும் 2023-ல் இன்னும் 50 ஆர்டர் கொடுத்தது. ஆனாலும் யோசியுங்கள்: ஜெர்மானியப் பட்டறை பக்கத்திலேயே இருக்கும்போது இப்படி என்றால், லடாக்கின் நியோமாவில் மைனஸ் முப்பது டிகிரியில் சின்னக் கோளாறு சின்னதாக இருக்குமா?

லிங்க்ஸ் கொஞ்சம் நிதானமான வடிவமைப்பு, ஆட்கள் உட்காரும் டரட், 1140 குதிரைத்திறன். ஹங்கேரி 2020-ல் 218 வண்டிகள் ஆர்டர் கொடுத்து, தன் மண்ணிலேயே ஸலயேகர்செக் என்ற ஊரில் தொழிற்சாலையும் வாங்கிக்கொண்டது. தொழில்நுட்பத்தை உள்ளூருக்குக் கொண்டுவர நினைக்கும் நாடு படிக்க வேண்டிய ஒப்பந்தம் அது.

ரெட்பேக் 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் லிங்க்ஸைத் தோற்கடித்தது. ஆனால் 450 என்று தொடங்கிய தேவை 129 ஆகச் சுருங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம் ரப்பர் ட்ராக். சத்தமும் அதிர்வும் குறைவு, எடை குறைவு, தார்ச்சாலையைக் கிழிக்காது. இரும்பு ட்ராக்கில் ஒரு கண்ணி போனால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம். ரப்பரில் ஒரு இடம் கிழிந்தால் மொத்தப் பட்டையோ பெரிய துண்டோ மாற வேண்டும், அதை முன்னணி வரை சுமந்து வர வேண்டும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் டேங்குகளோடு சேர்ந்து ஓட இந்த மூன்றில் எதைக் கொடுத்தாலும் மறுக்க மாட்டேன். மலைக்கு வேண்டாம்.

## போர்சுக்கும் நீச்சல் என்ற வில்லங்கமும்

நீந்தும் வண்டி என்றால் எடைக்கு ஏற்ற கொள்ளளவு வேண்டும், அதாவது உடல் பெரிதாக வேண்டும். பெரிய உடலை முழுக்கக் கனமான கவசத்தால் மூட முடியாது, மூடினால் மூழ்கும். இது இயற்பியல், எந்த நிறுவனமும் பேரம் பேச முடியாது. போலந்தின் போர்சுக் 28 டன்னில் நீந்துகிறது, ஆளில்லா டரட், கூடவே டேங்கை அடிக்கும் ஸ்பைக் ஏவுகணை. 2025 மார்ச்சில் முதல் 111 வண்டிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. கவசத்தில் மேலே சொன்ன மூவரோடு இதை நிறுத்த முடியாது. தென் கொரியாவின் கே21 இன்னொரு எச்சரிக்கை: 25 டன் வண்டி, பக்கவாட்டில் காற்றுப் பைகள் வைத்து நீந்த வைத்தார்கள். 2010 ஜூலையில் பயிற்சியில் ஒன்று மூழ்கி ஒரு வீரர் இறந்தார்.

பஞ்சாபின் கால்வாய்களும் ஆறுகளும் இருப்பதால் இந்திய ராணுவம் நீச்சலை விடாமல் கேட்கிறது. நியாயம் இருக்கிறது. பாலம் போடும் படை வரும்வரை காத்திருக்காமல் அக்கரை போய்விடலாம். ஆனால் டேங்குகள் நீந்தாது. காலாட்படை மட்டும் அக்கரை போய் என்ன செய்யும், எவ்வளவு நேரம் தனியே தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. ‘நீந்த வேண்டும், கண்ணிவெடி தாங்க வேண்டும், 30 டன்னுக்குள் இருக்க வேண்டும், விலையும் குறைய வேண்டும்’ என்று எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கேட்டதும், 2009 வாக்கில் தொடங்கிய நம் புதிய வண்டித் திட்டம் இன்னும் முடியாததற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

ஹங்கேரி 218 லிங்க்ஸுக்குக் கொடுப்பது 200 கோடி யூரோவுக்கு மேல். பயிற்சி, உதிரி, துணை வண்டிகள் எல்லாம் சேர்த்து என்றாலும், வண்டிக்கு ஏறக்குறைய 90 லட்சம் யூரோ. ரூபாயில் 80 கோடியைத் தாண்டும். நம் ஏழு கோடி பி.எம்.பி.-2 நினைவிருக்கிறதா? நம்மிடம் 2000-க்கும் அதிகமாக இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் குண்டு. அருவங்காடு பிள்ளைகளுக்கு இது கைவந்த விஷயமாக இருக்கும், கார்டைட் ஃபேக்டரி உந்துமருந்து செய்யும் ஊர் அல்லவா. பி.எம்.பி.-2-ன் துப்பாக்கியும் 30 மி.மீ., பூமாவின் துப்பாக்கியும் 30 மி.மீ. ஆனால் தோட்டா உறையின் நீளம் முன்னதில் 165 மி.மீ., பின்னதில் 173. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. மேற்கத்திய 30 மி.மீ.க்கு மாறினால் குண்டு உற்பத்தி வரிசை, கிடங்கு, பயிற்சி எல்லாம் புதிது. பழைய வண்டிகள் ஓடும்வரை இரண்டையும் வைத்திருக்க வேண்டும். காற்றில் வெடிக்கும் நவீனக் குண்டுகளின் விலை தனி.

கனமான வண்டிக்குக் கனமான மீட்பு வண்டி வேண்டும், நீண்ட டிரெய்லர் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அந்த டிரெய்லர் திரும்புமா என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

## எந்த நிலைமைக்கு எது?

கையில் பணம் குறைவு, எதிரியிடம் நவீன ஏவுகணை அதிகம் இல்லை, விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், பி.எம்.பி.-2-வுக்கே புதிய இரவு நோக்கியும் நல்ல ஏவுகணையும் மாட்டி ஓட்டுவது உத்தமம். பத்து வருடத்துக்கு அது தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

பாலைவனம், சமவெளி, பக்கத்தில் டி-90 டேங்குகள் என்றால் லிங்க்ஸோ ரெட்பேக்கோ. என் ஓட்டு, உள்ளூர் உற்பத்திக்கு எவர் அதிகம் இறங்கி வருகிறாரோ அவருக்கு. ஆறும் கால்வாயும் மட்டுமே பிரச்சினை என்றால் போர்சுக் மாதிரி ஒன்று, கவசக் குறையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு.

மலைக்கு சி.வி.90-ன் இலகு வகை அளவில் ஒரு வண்டி: 28 டன்னுக்குள், டர்போ இன்ஜின், நீச்சல் இல்லாமல், துப்பாக்கி 60 டிகிரியாவது நிமிர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதை ஸ்வீடனிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆவடியின் ஆய்வு நிறுவனமும் எல் அண்டு டி-யும் சேர்ந்து செய்த 25 டன் ஜோராவர் இலகு டேங்க் 2024 டிசம்பரில் 4200 மீட்டருக்கு மேல் ஏறிச் சுட்டுக் காட்டியது. அந்த எடையில், அந்த உயரத்தில் ஓடிக் காட்டிய வண்டி நம்மிடம் இருக்கிறது, இன்ஜின் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. டேங்கில் இன்ஜின் பின்னால் இருக்கும், ஆள் ஏற்றும் வண்டிக்கு அதை முன்னால் கொண்டுவர வேண்டும். சின்ன வேலை இல்லை, உடலையே புதிதாக வரைய வேண்டும். குழு விவாதத்தில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும், தயாராகப் போங்கள்.